நான்காம் முறை வெட்டிய வாய்க்கால்

என் பெயர் ஹயாத்து முகம்மது கைருன்னிஸா. வயது நாற்பத்தெட்டு. பிறந்த இடம் மன்னார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் புத்தளம் மாவட்டத்தில் வசிக்கிறேன். தற்போதைய முகவரி கடற்கரை வீதி, பள்ளிவாசல்துறை. பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்று, இருபது வருடங்களாக அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியையாகக் கடமையாற்றுகிறேன். இதற்கு முன்னர் என் மீது எந்த வழக்கும் இருந்ததில்லை.

இந்த நிலையத்தில் தமிழில் எழுதும் உத்தியோகத்தர் விடுமுறையில் இருப்பதால், பொறுப்பதிகாரியின் அனுமதியுடன் இதை நானே என் கையால் எழுதுகிறேன். அவர் இடையில் கேட்ட கேள்விகளையும் கேட்ட இடத்திலேயே எழுதியிருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன்.

2017 நவம்பர் 11ஆம் திகதி சனிக்கிழமை ஆற்றுவாய் உடைந்து, உல்லாச விடுதிக் கம்பனியின் மணல் உறிஞ்சும் மிதவை கடலுக்குள் போனது தொடர்பாகச் சவிரிமுத்து கில்பட் என்பவர் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார். நிறுத்தும்படி படப்பிடிப்புக் குழு சொல்லியும் அவர் வேண்டுமென்றே தொடர்ந்து வெட்டினார் என்பது கம்பனியின் முறைப்பாடு. போன வருடம் இதே ஆற்றுவாயை வெட்டியதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. இந்த வழக்கும் சேர்ந்தால் அவர் சிறைக்குப் போவார். நிறுத்தச் சொன்னது உண்மை. அது கில்பட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. ஏன் சேரவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லவே வந்தேன்.

அந்த ஆற்றின் வாய் வருடந்தோறும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை கடல் கொண்டுவந்து போடும் மணலால் மூடிக்கொள்ளும். ஒக்டோபர் மழைக்கு ஆறு ஏறும்போது, ஆற்றுவாய்க் குடியிருப்பிலுள்ள ஆண்கள் அந்த மணற்திட்டைக் குறுக்காக வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சேர்ந்தே வெட்டுவார்கள். வெட்டப் பிந்தினாலும் மிஞ்சிய தண்ணீர் முன்பெல்லாம் வடக்குத் தாழ்நிலத்தால் கடலோரக் களப்புக்குப் போய்விடும். 2015இல் விடுதிக்குப் போகும் கார்ப்பட் வீதி அந்தத் தாழ்நிலத்தின் மேல் ஆறடி உயரத்தில் போடப்பட்டது. தண்ணீர் கடக்க மூன்று மதகுகள் வரைபடத்தில் இருக்கின்றன. வீதியில் இல்லை. மேலேயுள்ள புதிய அணைக்கட்டின் கதவுகளை எந்த நாளில் திறப்பார்கள் என்பதையும் குடியிருப்புக்கு யாரும் அறிவிப்பதில்லை. கம்பனியின் மிதவைக்கு ஆழமான தண்ணீர் தேவைப்பட்டதால், எழுத்து மூல அனுமதியின்றி ஆற்றுவாயை வெட்டுவது குற்றம் என்று போன வருடம் அறிவித்தல் பலகை நாட்டப்பட்டது. இவ்வருடம் ஒக்டோபர் 16ஆம் திகதி குடியிருப்பார் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். பதில் வரவில்லை. ஒக்டோபர் 31ஆம் திகதி தண்ணீர் பத்தொன்பது வீடுகளுக்குள் நுழைந்தது.

நவம்பர் 6ஆம் திகதி கொழும்பிலிருந்து ஆவணப்படக் குழுவொன்று வந்தது. வேகமான அபிவிருத்தி ஆற்றோர மக்களுக்கு என்ன செய்தது என்பது படத்தின் விடயம். நான் முன்னர் இந்த ஆற்றுவாயைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு எழுதியிருந்ததால் ஆலோசகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் என்னைக் கேட்டார்கள். பணிப்பாளர் டெரன்ஸ் என்பவருக்குத் தமிழ் தெரியாது; ஆங்கிலத்தில்தான் பேசுவார். இப்படியான படங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை முதல் நாளே சொன்னேன். இந்தக் கரைக்குக் கமரா கொண்டுவந்தவர்கள் பலர். படம் முடிந்த பிறகு திரும்பி வந்தவர் எவரும் இல்லை. அவர் கோபப்படவில்லை. அதனால் சம்மதித்தேன்.

அதன் பின்னர் கில்பட்டின் வீட்டில் படம் எடுத்தார்கள். அவருடைய தகப்பன் சவிரிமுத்து நான்கு வருடமாகப் பாரிசவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். தண்ணீர் ஏற ஏற அவருடைய கட்டிலின் கால்களுக்குக் கீழே தாய் றோசா ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் பார்த்த அன்று ஒவ்வொரு காலுக்கும் ஐந்து கல் இருந்தது. மேலே ஓட்டுக்கும் அவருடைய முகத்துக்கும் இடையில் கொசுவலை கட்ட இடம் போதவில்லை. டெரன்ஸ், றோசாவை வாசற்படியில் தண்ணீருக்குள் காலை வைத்து உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

“ஆத்தப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு நேரமிருக்கா டீச்சர்? இந்தாளுக்குச் சாரம் மாத்த வேணும். வேணுமெண்டா அதை எடுக்கச் சொல்லுங்கோ,” என்றார் றோசா.

அதை எடுக்கவில்லை. அதன் பின்னர் டெரன்ஸ் ஆற்றுவாய் வெட்டும் வழக்கத்தைப் படமெடுக்க விரும்பினார். குடியிருப்பார் மறுத்தார்கள். அவர் மூன்று நாள் அலைந்து, படப்பிடிப்புக்காக மட்டும் மாதிரி வாய்க்கால் ஒன்று வெட்டலாம் என்று அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தார். ஒரு அடிக்கு மேல் ஆழம் கூடாது, ஆற்று நீரிலிருந்து பத்து அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் கடலுக்கு விட இருபத்தைந்து நாளாகக் கிடைக்காத அனுமதி, அதைப் போல நடித்துக் காட்டுவதற்கு மூன்று நாளில் கிடைத்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒன்பது ஆண்கள் மம்பட்டியுடன் வந்தார்கள். முஸ்லிம் பக்கத்துக்கு மூத்தவர் செய்னுலாப்தீன் நானா. எந்தக் கோட்டில் வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் கில்பட் ஒருவரே என்பதால் அவரும் அந்த ஒன்பதில் ஒருவராக வந்தார். வரமாட்டேன் என்றவரைக் கடிதத்தை வாசித்துக் காட்டிக் கூட்டி வந்தது நான்தான். டெரன்ஸும் கமராக்காரரும் ஏறக்குறைய அறுநூறு அடி தூரத்தில் சவுக்கு மரங்களுக்கு முன்னால் பலகை மேடையொன்றில் நின்றார்கள். வெட்டுமிடத்தில் நான் மட்டும் வோக்கி டோக்கியுடன் நின்றேன். என் குரலும் பதிவாக வேண்டும் என்று சிறிய ஒலிவாங்கி ஒன்றை என் முக்காட்டில் குத்தியிருந்தார்கள்.

முதல் முறை கடல் பக்கமிருந்து ஆற்றுப் பக்கமாக ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, பத்து அடி மிச்சம் வைத்து நிறுத்தினார்கள். ட்ரோனின் நிழல் மணலில் விழுந்துவிட்டதாக டெரன்ஸ் சொல்லி, வாய்க்காலை மூடிவிட்டு மறுபடியும் வெட்டச் சொன்னார். நான் சொன்னேன். யாரும் அசையவில்லை.

“வெட்டின மண்ணத் திருப்பிப் போட மாட்டம் டீச்சர். அது மையத்துக்கு மட்டுந்தான்,” என்றார் செய்னுலாப்தீன் நானா.

“எங்களுக்கும் அப்பிடித்தான். தோண்டினதுக்குள்ள மண் தள்ளுறது பிரேதத்துக்கு. ஆத்துவாயில அது செய்யவே கூடாது,” என்றார் கில்பட்.

இரு பகுதியாரும் ஒரே வழக்கத்தை வைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. என் ஆய்வில் அது இல்லை. டெரன்ஸுக்கு விளக்கினேன். அப்படியானால் இருக்கும் வாய்க்காலிலேயே இன்னும் கொஞ்சம் வெட்டட்டும் என்றார். இப்படித்தான் ஆழம் கூடத் தொடங்கியது. கடிதத்தை எழுதியவருக்கும் படமெடுத்தவருக்கும் ஒரு காட்சியைப் பல முறை எடுப்பார்கள் என்பதும், இவர்கள் மண்ணைத் திருப்பிப் போட மாட்டார்கள் என்பதும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

இரண்டாம் முறை ஒருவர் தொலைபேசிக் கம்பனியின் பெயர் போட்ட சட்டை அணிந்திருந்ததால் சரிவரவில்லை. அவர் சட்டையைக் கழற்றினார். மூன்றாம் முறை விடுதியின் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் பின்னணியில் வந்துவிட்டது.

“ஆத்துக்கு ஒருக்கா வெட்டினாக் காணும். படத்துக்கு எத்தினை தரம்?” என்று ஒருவர் கேட்க, செய்னுலாப்தீன் நானா நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே, “இந்தப் படக்கார மனிசன்ட நிக்காஹ்வையும் நாலு தரம் எடுத்திருப்பானுகள். பொண்ணு களைச்சுப் போயிருக்கும்,” என்றார். டெரன்ஸ் என்ன சிரிப்பு என்று கேட்டார். அவர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள் என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அதுவும் பொய்யல்ல. அவர்களுடைய தோள்களைப் பார்த்தால் தெரிந்தது. ஒரு வருடம் கைவைக்கக் கூடாதென்று தடுத்த மணலில் மம்பட்டி இறங்கியதும் ஒன்பது பேரும் பேச்சைக் குறைத்து ஒரே தாளத்தில் வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அதன் பின்னர் நான் அளந்தேன். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, ஆறு கடலைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று படத்தில் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்தேன். வாய்க்காலின் அடி ஆற்று நீர்மட்டத்தைவிட இரண்டு விரற்கடை மட்டுமே உயரமாக இருந்தது. மிச்சம் வைத்த பத்து அடியும் பக்கங்கள் சரிந்து ஆறு அடியாகியிருந்தது. இரண்டையும் டெரன்ஸுக்கும் சொன்னேன், கில்பட்டுக்கும் சொன்னேன். கடைசி முறையாகச் சில வெட்டு மட்டும் போதும், தான் சொன்னதும் நிறுத்த வேண்டும் என்றார் டெரன்ஸ். கில்பட் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், எனக்குக் கண்ணால மட்டம் பாக்க ஏலும். ஆனா வெட்டத் தொடங்கினா என்ர கை நிக்காது. நீங்க பாத்துக்கொண்டு நில்லுங்கோ. காணும், போதுமெண்டு சொன்ன உடன நான் ஏறிருவன்,” என்றார்.

நான் ஓம் என்றேன்.

வினா: அந்த நேரத்தில் நீர் அதை மனதார ஏற்றுக்கொண்டீரா?

விடை: ஆம். அந்த நேரத்தில் ஏற்றுக்கொண்டேன்.

நேரம் பதினொன்று இருபது. நான்காம் முறை தொடங்கியது. ஏழெட்டு வெட்டுக்குப் பின்னர் வாய்க்காலின் அடியில், கில்பட்டின் காலுக்குப் பக்கத்தில், வெள்ளை மணல் உள்ளங்கை அளவில் கறுத்தது. ஈரம். ஆறு மணலுக்குள்ளால் வந்துவிட்டது. அந்தக் கறுப்பு ஒரு தட்டளவாகி, அதன் பின்னர் பாயளவாகியது. வகுப்பறையில் இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய ஒன்று என் செருப்புக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அப்போது டெரன்ஸின் குரல் வோக்கி டோக்கியில் வந்தது. ட்ரோன் படத்தில் ஈரத்தைக் கண்டிருக்க வேண்டும். நிறுத்துங்கள், இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், எல்லோரையும் வெளியே ஏறச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை தெளிவாகச் சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கில்பட்டுக்கு ஒரு இரைச்சல் மட்டும் கேட்டிருக்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னவாம் டீச்சர்? காணுமாமோ?”

“காணாதாம்,” என்றேன்.

அவர் குனிந்து வெட்டினார். நான் வோக்கி டோக்கியை நிறுத்திவிட்டேன். இன்னும் ஆறு வெட்டு வெட்டியிருப்பார். அவர் காலடியில் தண்ணீர் ஊறியதும் நானே, “ஏறுங்கோ, எல்லாரும் ஏறுங்கோ,” என்று கத்தினேன். ஒன்பது பேரும் மேலே ஏறும்வரை எண்ணினேன். ஏறிவிட்டார்கள்.

அதன் பின்னர் நடந்ததை எவ்வளவு தூரம் எழுத வேண்டும் என்று கேட்டேன். கண்டது எல்லாவற்றையும் எழுதும்படி பொறுப்பதிகாரி சொன்னார். மிச்சமிருந்த மணற்சுவர் பிட்டைப் போல உதிர்ந்து உட்கார்ந்தது. விரல் மொத்தத்தில் ஒரு ஓடை அதன் மேலால் வந்து, வாய்க்காலின் நடுவே வளைந்து நெளிந்து, கடலைத் தேடுவது போல இடையில் ஒருமுறை நின்று, பிறகு கடலில் போய் விழுந்தது. அந்த ஓடை கையளவானது, உடலளவானது. பக்கச் சுவர்கள் பாண் வெட்டி விழுத்துவது போலத் துண்டு துண்டாக விழுந்தன. விழுந்த ஒவ்வொரு துண்டையும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது. ஐந்து நிமிடத்தில் தாண்ட முடியாத அகலம். பத்து நிமிடத்தில் இருபது அடி. நிலம் அதிர்ந்தது, அது உள்ளங்காலில் தெரிந்தது. கலங்கிய ஆறு கடலுக்குள் ஒரு கபில நாக்கைப் போல நீண்டுகொண்டே போனது. அதன் விளிம்பில் மீன் துள்ளியது. செய்னுலாப்தீன் நானா அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். பக்கத்தில் நின்றவர் சிலுவை போட்டுக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். குடியிருப்பிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரை வழியே தண்ணீரோடு ஓடினேன். முஸ்லிம்களை மன்னாரிலிருந்து வெளியேற்றிய 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் நான் ஓடியது அன்றுதான். இந்த முறை ஓடியதை நான் விரும்பினேன்.

மிதவை உள்பக்கத்தில் மூன்று கயிற்றில் கட்டியிருந்தது. அதில் ஆட்கள் எவரும் இல்லை என்பதைக் காலையிலேயே காவலாளி உசனாரிடம் கேட்டு அறிந்திருந்தேன். உசனாரின் வீடும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. அவர் முதலில் விசில் ஊதினார். ஒரு கயிறு அறுந்தது, மறுபடியும் ஊதினார். இரண்டாவது கயிறு அறுந்ததும் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிதவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, குழாய்களை இழுத்துக்கொண்டு, வாய்க்கால் என்று நாங்கள் சொன்ன அந்த ஆற்றுவாயால் நேராக வெளியே போய், கடலில் கால் மைல் தூரத்தில் மணல் ஏறிச் சாய்ந்தது. உசனாரின் பிளாஸ்டிக் கதிரையும் அதன் பின்னால் நிமிர்ந்தபடியே போனது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவும் ஒலிப்பதிவில் இருக்கும்.

எவருக்கும் காயம் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வீடுகளுக்குள் இருந்த தண்ணீர் வடிந்துவிட்டது. நான்கு மணிக்குக் கம்பனி ஆட்களுடன் பொலிஸார் வந்து, ஒன்பது பேரில் கில்பட்டை மட்டும் அழைத்துச் சென்றார்கள். முந்தைய வழக்கில் பெயர் இருந்தவர் அவர் ஒருவரே. ஜீப்பில் ஏறும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் சொல்லாமல் இருந்தேன். அதையும் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் டெரன்ஸ் என் வீட்டுக்கு வந்தார். ஒலிப்பதிவைக் கேட்டதாகவும், என்னுடைய பதில் தமிழில் இருந்ததால் யாரோ ஒருவரைக் கொண்டு அறிந்ததாகவும் சொன்னார். விரும்பினால் அந்தப் பகுதியை அழித்துவிடலாம், காற்றுச் சத்தம் என்று சொல்லலாம் என்றார். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார் என்று நம்புகிறேன். முதல் நாள் அவரைப் பற்றி நான் நினைத்ததில் பாதி பிழை. அழிக்க வேண்டாம் என்று சொல்லி அதன் பிரதியை வாங்கிக்கொண்டேன். இந்த வாக்குமூலத்துடன் ஒப்படைக்கும் சிறிய கறுப்பு நினைவக அட்டை அதுதான்.

வினா: கில்பட்டும் நீரும் இதை முன்கூட்டியே பேசித் தீர்மானித்தீர்களா?

விடை: இல்லை. அவர் என்னை நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆறு உடைந்ததற்கு நான் வருந்தவில்லை. அந்த மனிதருடைய கையை அவருக்குத் தெரியாமல் பாவித்ததற்கு வருந்துகிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது அவரிடம், நீதிமன்றத்திடம் அல்ல.

இந்த இடத்தில் பொறுப்பதிகாரி பேனாவை நிறுத்தச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். அதன் பின்னர் எனக்குப் புரியும்படி மெதுவாகத் தமிழில் சொன்னார்: “மிஸ், சத்தத்தில சரியாக் கேக்கல்ல எண்டு எழுதுங்க. அவருக்கும் பிரச்சினை இல்ல, உங்களுக்கும் தொழில் இருக்கும். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலந்தானே.”

அவர் நல்ல மனதுடன் சொன்னதால் அதையும் அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

வினா: அப்படி எழுத ஏன் மறுக்கிறீர்?

விடை: கேட்கவில்லை என்று எழுதினால் இது ஒரு விபத்து. நீதவான் காற்றின் வேகத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்; வழக்கு முடிந்துவிடும். அடுத்த வருடம் தண்ணீர் மறுபடியும் வீடுகளுக்குள் வரும். கேட்டும் சொல்லவில்லை என்று எழுதினால், படித்த, அரசாங்க உத்தியோகத்திலுள்ள, இதுவரை ஒரு குற்றமும் செய்யாத ஒரு பெண் ஏன் அப்படிச் செய்தாள் என்று நீதவான் கேட்டே ஆக வேண்டும். அப்போது வரைபடத்திலிருந்து வீதிக்கு வராத மூன்று மதகுகளைப் பற்றியும், பதில் கிடைக்காத விண்ணப்பத்தைப் பற்றியும், வீடுகளுக்குள் தண்ணீர் நின்ற பதினொரு நாட்களைப் பற்றியும் பதில் சொல்ல எனக்கு இடம் கிடைக்கும். படத்தில் அதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் அதைவிடக் கூடுதலாகத் தருவார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்காகவே வந்தேன்.

இந்த ஏழு பக்கங்களும் என் சொந்தக் கையெழுத்து. இரண்டு இடங்களில் வெட்டித் திருத்தி, பக்கத்தில் சிற்றொப்பம் இட்டிருக்கிறேன். எழுதி முடித்தபின் முழுவதையும் உரத்து வாசித்தேன், பொறுப்பதிகாரி கேட்டார். எவருடைய தூண்டுதலுமின்றி, தெளிந்த மனதுடன், இதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பென்று தெரிந்துகொண்டு ஒப்பமிடுகிறேன்.

ஹ. மு. கைருன்னிஸா
2017.11.13, பிற்பகல் 1.40